பவுனுக்கு நிஜமாகவே பசித்தது

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு காலையில், எங்கள் பவுனுக்குத் தெரியாமல் அவள் பின்னாலேயே நடந்துபோனேன்.

பவுனு எங்கள் வீட்டு லேப்ரடார். மஞ்சள் நிறம், அதனால் அந்தப் பெயர். கோவையில் வடவள்ளிப் பக்கம், வண்டிகள் அதிகம் வராத தெரு. காலையில் கேட்டைத் திறந்துவிட்டால் ஒரு சுற்றுப் போய்விட்டுத் தானாகத் திரும்பி வந்துவிடுவாள். அன்றும் ஏழு மணிக்குச் சாப்பிட்டு முடித்து, காலித் தட்டை நக்கி நக்கி வராந்தாவின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை தள்ளிக்கொண்டே போய்விட்டுத்தான் கிளம்பினாள்.

மூன்றாவது வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். குரைக்கவில்லை, கதவைச் சுரண்டவில்லை. அந்த வீட்டுப் பாட்டி இரண்டு இட்லியைக் கொண்டுவந்து வைத்தார். அடுத்தது முக்குக் கடை. டீ குடித்துக்கொண்டிருந்தவர் ஒரு பொறை வாங்கிப் போட்டார், பக்கத்தில் இருந்தவர் தன் வர்க்கியில் பாதியைக் கொடுத்தார். அப்புறம் கட்டட வேலை நடக்கும் இடம். அங்கே வாட்ச்மேன் அண்ணன் தூக்குப்போசியைத் திறந்து, தனக்கு வைத்திருந்த பழைய சோற்றில் ஒரு கை அள்ளி வைத்தார். நான் அருகில் போனதும் எழுந்து நின்று, "உங்க நாய்ங்களா? பாவமுங்க, ராத்திரியெல்லாம் ஒண்ணுமே சாப்பிடலியாட்ட இருக்குது" என்றார்.

எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் சோற்றிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். அரை மணி நேரத்துக்கு முன்புதான் அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள் என்று எப்படிச் சொல்வது?

அப்போது பவுனுவின் எடை 41 கிலோ. அவள் உடல்வாகுக்கு 30 கிலோ இருந்தால் போதும். மாடிப்படி ஏறும்போது நடுவில் நின்றுவிடுவாள். சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதைப் பார்த்தால் நமக்கே மூச்சு முட்டும். ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருந்தபோது, காத்திருந்த அத்தனை பேர் முன்னாலும் அங்கிருந்த டாக்டர், "நாய் வளர்க்கிறீங்களா, பன்னி வளர்க்கிறீங்களா?" என்று கேட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். எடை விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். ஆனால் அவ்வளவு நாளும் நாங்கள் பட்ட பாட்டை அவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

வீட்டில் இரண்டு கட்சி. என் கணவருக்கு, நாய்க்குப் பழக்கம் சரியில்லை, கண்டித்து வளர்க்கவில்லை. அத்தைக்கு, "வாயில்லா ஜீவன் கண்ணு, பசிக்குதுன்னு கண்ணைப் பாத்தாத் தெரியுதில்ல? போட்டாத்தான் என்ன?" நான் நடுவில். போட்டாலும் குற்றவுணர்ச்சி, போடாவிட்டாலும் குற்றவுணர்ச்சி. அக்கம்பக்கத்தில் தின்னிப் பண்டாரம் என்று அவளுக்கு ஒரு பட்டப்பெயரே இருந்தது.

இந்த நிலைமையில்தான், தூக்கம் வராத ஒரு ராத்திரி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து ஆய்வைப் பற்றிப் படித்தேன். அதன் பிறகு பவுனுவை நான் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

எலினோர் ராஃபன் என்பவர் கால்நடை மருத்துவர், மரபியல் ஆய்வாளர். நாய்களில் லேப்ரடாருக்கு மட்டும் ஏன் இப்படிச் சாப்பாட்டுப் பித்து என்ற கேள்வியை அவர் நேராகவே எடுத்துக்கொண்டார். முதலில் 15 பருத்த லேப்ரடார்கள், 18 ஒல்லி லேப்ரடார்கள். பசியோடும் எடையோடும் தொடர்புடையவை என்று ஏற்கெனவே தெரிந்த சில மரபணுக்களை இந்த இரண்டு கூட்டத்திலும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு பல பருத்த நாய்களில் இல்லை. பிறகு 310 லேப்ரடார்களில் தேடினார்கள். ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு அந்தக் குறை இருந்தது. 2016ல் வெளியான அந்த ஆய்வின்படி, குறையுள்ள பிரதி ஒன்றுக்குச் சுமார் 2 கிலோ எடை கூடுகிறது. அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என இரண்டு பிரதியும் பழுதாக வந்த நாய்க்கு இன்னும் கஷ்டம்.

காணாமல் போனது மொத்தமே டிஎன்ஏவின் 14 எழுத்துகள். கோடிக்கணக்கான எழுத்துகளில் 14. அதற்கா இவ்வளவு பாடு என்று எனக்கும் தோன்றியது. மரபணுவை உடம்பு மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும் என்று தெரிந்த பிறகு விளங்கியது. கடுகு, மிளகு, அரிசி, பயறு என்று ஒரு மளிகைச் சீட்டு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே மூன்றெழுத்து. முதல் சொல்லில் டு மட்டும் விழுந்துவிட்டது, ஆனால் கடைக்காரர் மூன்று மூன்றாகத்தான் படிப்பார் என்றால் என்ன ஆகும்? ககுமி, ளகுஅ, ரிசிப என்று அதற்கப்புறம் ஒன்றுமே உருப்படியாக வராது. 15 எழுத்து போயிருந்தால் ஐந்து சொல்லோடு போயிருக்கும், மிச்சம் தப்பித்திருக்கும். 14 போனதால் அந்த இடத்துக்குப் பிறகு வருவது எல்லாம் குளறுபடி.

அந்த மரபணு செய்யும் வேலை என்ன? உடம்புக் கொழுப்பிலிருந்து லெப்டின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகிறது. சேமிப்பு இருக்கிறது, கவலை வேண்டாம் என்று சொல்லும் தகவல் அது. மூளையின் அடிப்பகுதியில் ஹைபோதலாமஸ் என்ற இடத்தில் சில நரம்புச் செல்கள் அந்தத் தகவலை வாங்கி, பிஓஎம்சி என்ற பெரிய புரதத்தைச் செய்து, கரும்பை வெட்டுவதுபோலத் துண்டு துண்டாக வெட்டுகின்றன. ஒவ்வொரு துண்டும் ஒரு ஹார்மோன். பீட்டா எம்எஸ்ஹெச் என்ற துண்டு, எம்சி4ஆர் என்ற ஏற்பியை, அதாவது செல்லில் தகவலை வாங்கிக்கொள்ளும் இடத்தை, போய்த் தொட்டு, போதும் என்று சொல்கிறது. பீட்டா எண்டார்ஃபின் என்ற இன்னொரு துண்டுக்குச் சாப்பாடு தரும் இன்பத்தோடு சம்பந்தம் உண்டு. குறையுள்ள லேப்ரடார்களில் இந்த இரண்டும் உருவாவதே இல்லை. விட்டுப்போன இடத்துக்கு முன்னால் இருக்கும் துண்டுகள் தப்பித்துக்கொள்கின்றன. அதனால்தான் மற்ற எல்லா விதத்திலும் அவை ஆரோக்கியமான நாய்கள்.

போதும் என்று மூளைக்குச் சொல்ல வேண்டிய ஒரு தகவல், அனுப்பப்படவே இல்லை. இதை அன்று ராத்திரி இரண்டு மூன்று முறை படித்தேன். எழுந்துபோய்ப் பார்த்தால், பவுனு அடுப்படி வாசலில் படுத்திருந்தாள். முந்தாநாள் பருப்பு சிந்தின டைல்ஸை, துடைத்து இரண்டு நாள் ஆன அந்த இடத்தை, கண்ணை மூடிக்கொண்டு மெல்ல நக்கிக்கொண்டிருந்தாள்.

சில மாதங்கள் கழித்து, 2024ல், அதே குழு இன்னொரு ஆய்வை வெளியிட்டது. அதில் 87 பெண் லேப்ரடார்களை வைத்து இரண்டு சோதனைகள் செய்திருந்தார்கள். முதல் சோதனையில் 20 நிமிடத்துக்கு ஒரு டப்பா உணவு. நாய் தானாக வேண்டாம் என்று விலகும்வரை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். எல்லா நாய்களுமே அளவில்லாமல் சாப்பிட்டன. குறையுள்ள நாய்க்கும் இல்லாத நாய்க்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

இரண்டாவது சோதனை என்னைக் கலங்க வைத்தது. காலைச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் ஆன நாயை ஒரு அறைக்குள் விடுகிறார்கள். அங்கே ஒரு பெட்டி. அதற்கு உள்ளே இருப்பது தெரிகிற, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடி. உள்ளே ஒரு சாசேஜ். கண்ணுக்குத் தெரியும், மணக்கும், ஆனால் எடுக்க முடியாது. குறை இல்லாத நாய்கள் கொஞ்சம் முயன்றுவிட்டு விலகிப்போயின. குறையுள்ள நாய்கள் பெட்டியை விட்டு நகர மனமில்லாமல் அங்கேயே முயன்றுகொண்டிருந்தன.

தட்டில் சோறு இருக்கும்போது எல்லா லேப்ரடாரும் ஒன்றுதான், வேறுபாடு தட்டு காலியான பிறகு என்று இதைப் புரிந்துகொண்டேன். வயிறு நிறையாத கோளாறு இல்லை இது. நிறைந்த வயிறு சீக்கிரமே மறந்துபோகும் கோளாறு. ஏழு மணிக்குச் சாப்பிட்டவள் பத்து மணிக்கு என் புடவையைப் பிடித்து இழுப்பதை நடிப்பு என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன். அவள் நடிக்கவே இல்லை.

இன்னொன்றும் அந்த ஆய்வில் தெரிந்தது. இதே 14 எழுத்துக் குறை லேப்ரடாரின் உறவான ஃபிளாட் கோட்டட் ரெட்ரீவர் இனத்தில் மூன்றில் இரண்டு நாய்களுக்கு இருக்கிறது. அந்த நாய்களை ஒரு அறைக்குள் தூங்கவிட்டு, மூச்சுக்காற்றை அளந்து, சும்மா இருக்கும்போது உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று கணக்கிட்டார்கள். குறையுள்ளவை 25 சதவீதம் குறைவாக எரித்தன. பசி அதிகம், செலவு குறைவு. இரண்டு பக்கமும் இடி. மற்ற நாய் சாப்பிடும் அதே அளவைச் சாப்பிட்டாலும் இது பெருக்கும்.

தமிழில் யானைத்தீ என்று ஒரு பழைய சொல் உண்டு. எவ்வளவு தின்றாலும் அடங்காத பசிக்கு அந்தக் காலத்தவர் வைத்த பெயர். அதை நோய் என்றுதான் சொன்னார்கள். கெட்ட குணம் என்றோ பேராசை என்றோ சொல்லவில்லை. 14 எழுத்தைப் பற்றிப் படிப்பதற்கு முன்பே எனக்கு அந்தச் சொல் தெரியும். ஆனாலும் என் வீட்டு ஜீவனைத் தின்னிப் பண்டாரம் என்று கூப்பிட்டபோது நான் சும்மாதான் இருந்தேன்.

இந்தப் பசி எங்கிருந்து வந்திருக்கும்? லேப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு இருந்த நாய்கள். உறைகிற தண்ணீரில் குதித்து வலையை இழுத்துக் கொடுத்த நாய்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். ஃபிளாட் கோட்டட் ரெட்ரீவரும் அதே வழியில் வந்ததுதான். அந்தக் குளிரில், அந்த உழைப்பில், கிடைத்தபோது தின்று கொழுப்பைச் சேர்த்துவைத்த நாய் பிழைத்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் ஊகம். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஐஸ் தண்ணீருக்கு உதவிய உடம்பு அது, டைல்ஸ் தரையிலும் சீலிங் ஃபேனுக்கடியிலும் படுத்திருந்தால் என்ன செய்யும்?

பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பழக்கிய லேப்ரடார்கள் 81ஐப் பரிசோதித்தபோது, 76 சதவீதத்துக்கு அந்தக் குறை இருந்தது. வீட்டு நாய்களில் நாலில் ஒன்று, வேலை நாய்களில் நாலில் மூன்று. காரணம் யோசித்தால் புரியும். ஒரு துண்டு பிஸ்கட்டுக்காக நூறு முறை அலுக்காமல் முயற்சி செய்யும் நாயைப் பழக்குவது சுலபம். நல்ல நாய், சொன்னதைக் கேட்கும் நாய் என்று மனிதர்கள் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கியதில், அதிகம் பசிக்கும் நாய்களைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஒரு மனிதருக்குக் கீழே விழுந்த சாவியை எடுத்துத் தரும் நாயும், எங்கள் தெரு டீக்கடையில் உட்கார்ந்திருந்த பவுனும் ஒரே பசியால் நடக்கிறவர்களாக இருக்கலாம்.

மனிதர்களிலும் இது உண்டு, மிக அரிதாக. பிஓஎம்சி முழுவதுமே பழுதான இரண்டு குழந்தைகளை 1998ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் விவரித்தார்கள். கட்டுக்கடங்காத பசி, சிறு வயதிலேயே உடல் பருமன், செம்பட்டை முடி, அட்ரீனல் சுரப்பிக் கோளாறு. அப்படிப்பட்டவர்களுக்கு எம்சி4ஆர் ஏற்பியை நேராகத் தூண்டும் செட்மெலனோடைட் என்ற ஊசிக்கு 2020ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆய்வுக்கூட எலிகளில் பீட்டா எம்எஸ்ஹெச் உருவாவதே கிடையாது. ஆகவே அந்த ஹார்மோன் மனிதருக்கு என்ன செய்கிறது என்று எலியிடம் தெரிந்துகொள்ள வழியில்லை. வீட்டில் சோறு கேட்டு நிற்கிற லேப்ரடார்தான் அதைச் சொல்லிக் கொடுத்தது.

2025ல் வந்த அடுத்த ஆய்வில் 241 பிரிட்டிஷ் லேப்ரடார்களின் எச்சிலை எடுத்து மொத்த மரபணுத் தொகுதியிலும் தேடினார்கள். டிஇஎன்என்டி1பி என்ற இன்னொரு மரபணு அகப்பட்டது. அதன் ஒரு வகையைக் கொண்ட நாய்களுக்கு உடல் கொழுப்பு சுமார் 8 சதவீதம் கூடுதல். அதுவும் அதே எம்சி4ஆர் பாதையில்தான் கை வைக்கிறது. இதோடு முடியவில்லை, சிறு சிறு அளவில் பங்களிக்கும் மரபணுக்கள் நிறைய இருக்கின்றன. எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. மரபு ஆபத்து அதிகமுள்ள நாய்களும், சொந்தக்காரர்கள் சாப்பாட்டிலும் நடையிலும் விடாப்பிடியாக இருந்தால் பெருக்காமல் இருந்தன. ஆபத்து குறைவான நாயை வைத்திருப்பவர் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் தப்பித்துக்கொள்கிறார். அப்படியானால் பக்கத்து வீட்டு ஒல்லி நாயைக் காட்டி யாரும் யாருக்கும் புத்தி சொல்ல வேண்டியதில்லை.

பவுனுக்கு மரபணுப் பரிசோதனை செய்தீர்களா என்று கேட்கிறார்கள். செய்யவில்லை. குறை இருக்கிறது என்று வந்தாலும் இல்லை என்று வந்தாலும் நாங்கள் செய்யப்போவது ஒன்றுதான். அதற்கு முன் வேறொரு டாக்டரிடம் போய் ரத்தப் பரிசோதனை மட்டும் செய்தோம். தைராய்டு குறைந்தாலும் எடை ஏறும். குஷிங் நோய், சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மாத்திரை இவற்றாலும் பசி கூடும். திடீரென்று பசி அதிகமான நாயை முதலில் டாக்டரிடம்தான் கூட்டிப்போக வேண்டும், இதைப் படித்துவிட்டு மரபணு என்று விட்டுவிடாதீர்கள். பவுனுக்கு எல்லாம் சரியாக இருந்தது. கருத்தடை ஆபரேஷனுக்குப் பிறகு உடம்புக்குத் தேவையான அளவு குறையும், நீங்கள் பழைய அளவையே போட்டிருப்பீர்கள் என்று அந்த டாக்டர் சொன்னார். அது உண்மை.

அவர்தான் கையால் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார். கையை மடக்கி, முட்டிகள் மேல் இன்னொரு கை விரலால் தடவிப் பாருங்கள். விலா அப்படி இருந்தால் நாய் மெலிந்திருக்கிறது. கையை விரித்து உள்ளங்கையைத் தடவுங்கள். அப்படி மெத்தென்று இருந்தால் பருமன். விரித்த கையின் புறங்கையைத் தடவுங்கள், எலும்பு ஒவ்வொன்றும் மெல்லத் தெரியும். அப்படி இருக்க வேண்டும். பவுனுவின் விலாவை அன்று தேடித் தேடிப் பார்த்தேன், எனக்கு ஒரு எலும்பும் அகப்படவில்லை.

அளவைக் குறைத்தால் ஆயுள் கூடுமா என்று அத்தை கேட்டார். அதற்கு நல்ல பதில் இருக்கிறது. 48 லேப்ரடார் குட்டிகளை, ஒரே ஈற்றில் பிறந்தவை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து, வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று 2002ல் வெளியானது. ஜோடியில் ஒன்று சாப்பிட்டதைவிட மற்றது 25 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டது. குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ 2 வருடம் அதிகம் இருந்தன, மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. "ரெண்டு வருசமா!" என்றார் அத்தை. அன்றிலிருந்து அத்தை என் கட்சி. மூன்றாவது வீட்டுப் பாட்டியிடமும் டீக்கடையிலும் வாட்ச்மேன் அண்ணனிடமும் போய், "இவளுக்கு இது ஒரு சீக்குங்க, போடாதீங்க சாமி" என்று சொல்லிவிட்டு வந்ததும் அத்தைதான். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்களா தெரியாது.

இப்போது ஒரு நாளைக்கு டாக்டர் சொன்ன 260 கிராம். டம்ளர் கணக்கு கிடையாது, தராசில் நிறுத்துத்தான். சாப்பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில்தான் பசி வாட்டுகிறது என்று தெரிந்ததால், அதையே நாலாகப் பிரித்துக் கொடுக்கிறோம். தட்டில் போடுவதில்லை. கொட்டாங்குச்சிகளைக் கழுவிக் காயவைத்து வைத்திருக்கிறேன். தோட்டத்தில் பத்துப் பன்னிரண்டைக் கவிழ்த்து, சிலவற்றுக்கு அடியில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பேன். மோப்பம் பிடித்து, மூக்கால் புரட்டி, எது காலி எது இல்லை என்று தேடி முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆகிறது. முன்பெல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துபோன சாப்பாடு. நடுவில் கேட்டால் வெள்ளரிப் பிஞ்சு, அவித்த பூசணித் துண்டு. கேட் எப்போதும் பூட்டியே இருக்கும், காலையும் மாலையும் நாங்களே கூட்டிப்போகிறோம். திராட்சை, வெங்காயம், சாக்லேட் எல்லாம் அலமாரிக்குள். பசிக்கிற நாய் எதையும் தின்னும், அவை நாய்க்கு விஷம்.

41லிருந்து 31க்கு வர ஒன்றேகால் வருடம் ஆயிற்று. மாடிப்படியை இப்போது ஒரே மூச்சில் ஏறுகிறாள். புறங்கையைத் தடவுவதுபோல விலா கைக்குத் தெரிகிறது.

பசி மட்டும் போகவில்லை. சாயங்காலம் நாலரைக்கு, அடுத்த வேளைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது, என் முழங்கால் மேல் தாடையை வைத்து நிமிர்ந்து பார்ப்பாள். முன்பெல்லாம் போ என்று விரட்டுவேன், இல்லையென்றால் பிஸ்கட் டப்பாவைத் திறப்பேன். இப்போது கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுகிறேன். "பசிக்குதா பவுனு? தெரியும்டா, ஆறு மணிக்கு" என்று காதுக்குப் பின்னால் சொறிந்துவிடுகிறேன். கொஞ்ச நேரம் என் கையை மோந்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று தெரிந்து, மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறாள். கண் மட்டும் கொட்டாங்குச்சிகள் அடுக்கியிருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்.